அல்லைப்பிட்டிக்குக் கேட்ட நீதி ஆலயத்துக்குள்ளும் வேண்டும்

2006 ஓகஸ்ட் 20 அன்று யாழ். தீவகத்தின் அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளாரும் அவருடன் சென்ற ஒருவரும் காணாமல் ஆக்கப்பட்டார்கள். அதற்கு ஒரு வாரம் முன்பு புனித பிலிப்பு நேரி ஆலயத்தின்மீது எறிகணைகள் விழுந்தபோது, உயிர் தப்பிய மக்களை ஊர்காவற்றுறைக்குக் கொண்டுசேர்த்தவர் அவர். அவர்கள் காணாமல்போனது பற்றித் தமக்கு எதுவும் தெரியாது என்றது இலங்கைக் கடற்படை. பாரிய மனித உரிமை மீறல்களை விசாரிக்க அரசு அமைத்த உடலாகம ஆணைக்குழுவிடம் ஒப்படைக்கப்பட்ட 16 சம்பவங்களில் அவருடையதும் ஒன்று. அந்த விசாரணைகளைக் கண்காணிக்க வந்த, இந்திய முன்னாள் பிரதம நீதியரசர் பகவதி தலைமையிலான சர்வதேசக் குழு 2008இல் விலகிக்கொண்டது. அரசின் சட்ட ஆலோசகரான சட்டமா அதிபர் திணைக்களமே ஆணைக்குழுவுக்கும் துணைநின்றதை அக்குழு கடுமையாக ஆட்சேபித்திருந்தது.

தன் ஆட்கள்மீதான முறைப்பாட்டைத் தானே விசாரிக்கும் நிறுவனத்திடம் நீதி கிடைக்காது என்பதைத் தீவக மக்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. நம் குருமாரும் அதைத்தான் சொல்லி வந்தார்கள், சரியாகவே சொன்னார்கள். குருமார்மீது பாலியல் துன்புறுத்தல் முறைப்பாடு எழும்போதும் அந்த நியாயமே செல்லுபடியாக வேண்டும். தீவகத்தின் எந்தப் பங்கையும் மனதில் வைத்து இதை எழுதவில்லை. முறைப்பாடு வருமுன்னரே வழி இருக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

வழி இல்லாவிட்டால் என்னவாகும் என்பதற்கு உதகமண்டலம் மறைமாவட்டம் சாட்சி. அங்கிருந்து அமெரிக்காவின் மினசோட்டாவுக்குப் பணிக்குச் சென்ற ஜோசப் பழனிவேல் ஜெயபால் என்ற குரு, பதின்ம வயதுப் பெண்ணிடம் தவறாக நடந்ததாக 2015இல் அந்நாட்டு நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டனைக்குப் பின் ஊர் திரும்பினார். 2016 ஜனவரியில், வத்திக்கானைக் கலந்தாலோசித்த பிறகு, அவர்மீதிருந்த பணித்தடையை ஆயர் அமல்ராஜ் நீக்கினார். நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லிவிட்ட வழக்கு இது. அப்படியிருந்தும் அவர் மறுபடி குருப்பணி செய்யலாமா என்பதை முடிவுசெய்தவர்கள் திருச்சபை அதிகாரிகளே.

நெடுந்தீவில் ஒரு தாய்க்கு இப்படி ஒரு முறைப்பாடு இருந்தால்? இறங்குதுறையில் நிற்கும்போதே, "எங்கை, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு? என்ன அலுவல்?" என்று நாலு பேர் கேட்பார்கள். குறிகட்டுவான்வரை ஒரு மணி நேரம் அதே முகங்களோடு கடலில் இருக்க வேண்டும். பிறகு யாழ்ப்பாணத்துக்கு பஸ். திரும்பி வந்தால், மகனின் வேலைக்கு நற்சான்றுக் கடிதம் தரவும், வீட்டில் சாவு விழுந்தால் பூசை வைக்கவும் அதே பங்குத்தந்தைதான். சனம் "சுவாமியைப் பற்றியோ கதைக்கிறாய்?" என்று கேட்கும். தீவில் அந்தக் கேள்வி ஒன்றே பல தாய்மாரின் வாயை அடைத்துவிடும். ஆயரே இல்லாத சிறு சபைகளில் நிலை இதைவிட மோசம். அங்கே போதகருக்கு மேல் முறையிட ஆளே கிடையாது.

ரோம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2019இல் பாப்பரசர் பிரான்சிஸ் பிறப்பித்த சட்டம், முறைப்பாடு பெறும் ஏற்பாட்டை ஒவ்வொரு மறைமாவட்டமும் செய்ய வேண்டும் என்றது. முறையிட்டவரை வாய் திறக்காதே என்று கட்டுப்படுத்தக் கூடாது என்றும் சொன்னது. ஆனால் அந்த முறைப்பாடு போய்ச் சேருவது திருச்சபை அதிகாரிகளிடமே. பொலிஸுக்கு அறிவிப்பதை அந்தந்த நாட்டுச் சட்டத்தின் பொறுப்பில் விட்டுவிட்டது.

பிரான்ஸ் ஆயர்கள் இன்னொரு படி போனார்கள். தமக்கு வெளியே, ஓய்வுபெற்ற உயர் நீதித்துறை அதிகாரியான ஷான்-மார்க் சோவே தலைமையில் ஒரு குழுவை அமைத்துத் தம் ஆவணக் காப்பகங்களைத் திறந்துவிட்டார்கள். 1950 முதல் குருமாராலும் துறவிகளாலும் பாதிக்கப்பட்ட சிறுவர்கள் ஏறத்தாழ 2,16,000 பேர் என 2021இல் அக்குழு மதிப்பிட்டது. வெளியாரின் விசாரணையால் நிரபராதியான குருவுக்கும் நன்மை உண்டு. ஆயர் இல்லம் "குற்றமில்லை" என்றால் ஊர் நம்பாது.

யாழ். மறைமாவட்டத்திடம் பெரிதாக எதையும் கேட்கவில்லை. தீவக ஆலயம் ஒவ்வொன்றின் அறிவித்தல் பலகையிலும் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கம் இருக்கட்டும். சிறுவர் தொடர்பான முறைப்பாடு ஆயர் இல்லத்துக்கு வந்த அன்றே பொலிஸுக்குப் போகட்டும். அதைக் கவனிக்கும் குழுவில் குருமார் அல்லாதவர்களும் பெண்களும் பெரும்பான்மையாக இருக்கட்டும். விசாரணையில் உள்ள ஒருவரைச் சத்தமில்லாமல் அடுத்த பங்குக்கு மாற்றும் பேச்சே வேண்டாம். விசாரணை முடியும்வரை பிள்ளைகள் இருக்கும் எந்தப் பொறுப்பிலும் அவரை வைக்கக் கூடாது.