தப்பிப் பிழைத்த கம்ப்யூட்டர்

பழைய கம்ப்யூட்டரைக் காயலான் கடையில் போட என்னவர் தூக்கிவிட்டார். விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டதே. எங்களுடையதில் 11 ஏறாது. “இருங்க, உள்ளே குழந்தைங்க போட்டோ இருக்கு!” என்று தடுத்தேன்.

அக்கா மகன் முதலில் படங்களைப் பென்டிரைவில் எடுத்துவிட்டு, லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தான். அது இலவசம், 4 ஜி.பி. ராம் இருந்தால் தாராளம்.

இப்போது அதில் மாமனாரின் சர்க்கரைக் கணக்கு எழுதுகிறேன். தேதி, வெறும் வயிற்றில், சாப்பிட்ட பின், ராத்திரி சாப்பிட்ட நேரம் என்று நாலு கட்டம். பிரின்ட் எடுத்துக் காட்டினோம். “லேட்டா சாப்பிட்ட மறுநாளெல்லாம் ஏறியிருக்கு, பாருங்க” என்றார் டாக்டர். இப்போது எட்டு மணிக்கே தட்டு வைத்துவிடுகிறேன்.

சகோதரிகளே, விற்பதானாலும் படங்களை எடுத்துக்கொண்டு, உள்ளே இருப்பதை முழுக்க அழித்துவிட்டே கொடுங்கள்!