பஸ்ஸில் பத்து நிமிஷம்

இந்த முறை லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஊர் என்றால் பாறசாலை. "கேரளாவா, தமிழ்நாடா?" என்று இங்கே அகமதாபாத் ஆபீஸில் கேட்பார்கள். 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நாலு தாலுகாவும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. எங்கள் நெய்யாற்றின்கரை கேரளாவில் நின்றுவிட்டது. வீட்டில் தமிழ், கடையில் மலையாளம். தமிழ்நாட்டுப் பக்கத்துக் களியக்காவிளைக்கு பஸ்ஸில் பத்து நிமிஷம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அக்கா மகளுக்குப் பத்து வயசு. நாலாம் வகுப்பு வரை தமிழ் மீடியம். வகுப்பில் மொத்தமே ஏழு பிள்ளைகள், அதில் பெண்கள் இரண்டே பேர். ஒரே பெஞ்ச், மழை வந்தால் ஒரே குடை. போன மே மாதம் அந்தத் தோழியின் குடும்பம் களியக்காவிளைக்குக் குடிமாறியது. அதே மாதம் அத்தான் சவுதிக்குப் போனார். இவளை ஐந்தாம் வகுப்புக்கு மலையாள மீடியத்தில் மாற்றினார்கள். மூன்றும் ஒரே மாதத்தில்! தோழி போன விஷயம் ஜூன் 1-ம் தேதி, பள்ளி திறந்த அன்றுதான் இவளுக்குத் தெரியும். பலூனும் மிட்டாயுமாகப் பிரவேசனோற்சவம் நடக்க, இவள் வாசலையே பார்த்துக்கொண்டு இருந்தாளாம்.

"அவ எனக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல்ல மாமா" என்றாள். அவ்வளவுதான், பிறகு பேச்சில்லை.

அக்காவிடம் கேட்டேன். "பிள்ளைக்கிட்ட எதுக்குச் சொல்லணும்? ரெண்டு நாள் அழும், பொறவு மறந்துரும்" என்றாள். மீடியம் மாற்றியதில் நான் குறை சொல்ல மாட்டேன். அங்கே பி.எஸ்.சி. எழுத, வேலைக்குப் போக மலையாளம் வேண்டும். 2017-ல் வந்த சட்டப்படி பத்தாம் வகுப்பு வரை எல்லாப் பள்ளியிலும் மலையாளம் கட்டாயம்.

ஆனால் நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒருத்தி போனால் இன்னொருத்தி கிடைப்பாள். இரண்டே பேரில் ஒருத்தி போனால்? (வங்கிக்காரன் புத்தி, மொத்த டெபாசிட்டும் ஒரே கணக்கில் இருந்த மாதிரி என்று தோன்றியது.) தாய்மொழியில் ஆரம்பக் கல்விக்கு அரசியல் சட்டத்தில் 350ஏ என்று பிரிவே இருக்கிறது. அவள் பள்ளியில் தமிழ் பேசியது புத்தகத்தோடு அல்ல, அந்தத் தோழியோடு. இங்கே ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடுகிற நாம், அவர்கள் யாரோடு தமிழ் பேசுகிறார்கள் என்று பார்ப்பதே இல்லை.

அக்காவைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? இந்தூரிலிருந்து டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்தபோது, பரீட்சை கெடக்கூடாது என்று மகனிடம் மறைத்தேன். சாமான் கட்ட ஆள் வந்த அன்றுதான் சொன்னேன். ஒரு வருஷம் கழித்து அவனுடைய பழைய நோட்டுகளை எடைக்குப் போட எடுத்தபோது, ஒன்றின் கடைசிப் பக்கத்தில் அவன் நண்பன் பெயர். பக்கத்தில் 'போன்' என்று எழுதி, நம்பருக்கு இடம் விட்டிருந்தான். காலியாகவே இருந்தது.

2020 லாக்டவுனில் இஞ்சிவிளையில் பாஸ் இல்லாமல் விடமாட்டோம் என்றபோது, பத்து நிமிஷத்தில் இருக்கிற சொந்தக்காரர்களைப் பார்க்க முடியவில்லையே என்று பெரியவர்கள் எத்தனை புலம்பினோம்! இப்போது யாரும் தடுப்பதில்லை. ஆனால் பத்து வயசுப் பிள்ளை தனியாக பஸ் ஏறுமா? கூட்டிப்போக ஆளில்லை என்றால் அவளுக்கு இன்னும் லாக்டவுன்தான்.

ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு, "வா மக்களே" என்று அவளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தோம். முதல் கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்க்கவே இல்லை. அந்த அம்மா காப்பி போட்டுக் கொண்டுவருவதற்குள் இரண்டையும் காணோம். கிணற்றடியில் சத்தம் கேட்டது.

அக்கா முதலில் முணுமுணுத்தாள். இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு அவளே கூட்டிப்போகிறாள். போன தடவை மழை என்று போகவில்லையாம். என்னிடம் போனில் புகார் வந்தது.