அழகான பூ! ஆபத்தான கிழங்கு!

தமிழ்நாட்டின் மாநிலப் பூ எது? செங்காந்தள்! பாதி சிவப்பு, பாதி மஞ்சள். தீ எரிவது போல இருக்கும். சங்கப் புலவர் கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயரைச் சொல்லுகிறார். முதலில் சொல்லுவது இந்தப் பூவைத்தான்.

இதன் மற்றொரு பெயர் கண்வலிக் கிழங்கு. திண்டுக்கல் மாவட்டத்தில் ஒட்டன்சத்திரம், கள்ளிமந்தையம் பக்கம் தோட்டப் பயிராகவே இருக்கிறது. கொடி கம்பிப் பந்தலில் ஏறிப் பூக்கும். ஒரு பூவின் மகரந்தத்தை மற்றொரு பூவில் கையாலேயே தடவுவார்கள். அப்போதுதான் காய் நன்றாகப் பிடிக்கும். காயை உலர்த்தி விதை எடுப்பார்கள். விதை மருந்துக் கம்பெனிகளுக்குப் போகிறது.

விதையில் "கால்சிசின்" என்ற பொருள் இருக்கிறது. "கவுட்" என்னும் மூட்டு வீக்கத்துக்கு அது மருந்து. ஒரு மாத்திரையில் அரை மில்லிகிராம்தான் இருக்கும். அளவு மீறினால் அதுவே விஷம்!

செடி முழுவதும் இந்த விஷம் உண்டு. கிழங்கிலும் விதையிலும் மிகுதி. வேக வைத்தாலும் போகாது. இந்தக் கிழங்கைத் தின்ற இலங்கைப் பெண் ஒருவருக்கு உடம்பு முடியெல்லாம் கொட்டிப் போயிற்று. 1966-ஆம் ஆண்டு "பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்" பத்திரிகையில் அந்தச் செய்தி வந்தது. வள்ளிக்கிழங்கு என்று எண்ணித் தின்று உயிருக்குப் போராடியவர்களும் உண்டு.

அப்படியானால் செடியைப் பிடுங்கி எறிவதா? வேண்டாம். அரளியும் விஷந்தான். அதற்காக நிலக்கோட்டைச் சந்தையில் யாரும் அரளி வாங்காமல் இருக்கிறார்களா?

ஆனால் ஒன்று செய்ய வேண்டும். கிழங்கும் விதையும் விற்பவர்கள், மூட்டையிலும் தொட்டியிலும் "இது விஷம்" என்று கொட்டை எழுத்தில் எழுத வேண்டும். மண்டை ஓட்டுப் படமும் போட வேண்டும். "எல்லோருக்கும் தெரிந்ததுதானே" என்பார்கள். பெரியவர்களுக்குத் தெரியும். குழந்தைக்குத் தெரியுமா? வெளியூரிலிருந்து கூலி வேலைக்கு வந்தவருக்குத் தெரியுமா?

கிழங்கு தோண்டுகிறவருக்கும் விதை எடுக்கிறவருக்கும் கையுறை வேண்டும். அதைத் தோட்டக்காரர்தான் வாங்கித் தர வேண்டும். கூலியில் பிடிக்கக் கூடாது!

வீட்டில் வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

குழந்தைகளும் ஆடு மாடுகளும் எட்டாத இடத்தில் கொடியை ஏற்றுங்கள். கிழங்கைச் சமையல் அறையில் வைக்காதீர்கள். செடியைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கையைக் கண்ணில் வைக்காதீர்கள். நாட்டு மருந்து என்று யார் சொன்னாலும் தின்னாதீர்கள்.

யாராவது தின்றுவிட்டால், கை வைத்தியம் வேண்டாம். வாந்தியும் பேதியும் சில மணி நேரம் கழித்தே வரலாம். அதுவரை காத்திருக்கக் கூடாது. உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். தின்ற கிழங்கின் துண்டையும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லுங்கள். டாக்டருக்கு அது உதவும்.

இந்த விஷத்துக்கு மாற்று மருந்து எளிதில் கிடைப்பதில்லை. எச்சரிக்கைச் சீட்டு ஒட்டக் காசு அதிகம் ஆகாது. ஓர் உயிரைவிட அந்தக் காசு பெரிதா?