பாட்டி கதையும் படிப்புதான்

பாட்டி சொல்லும் கதைக்குப் பல்கலைக்கழகத்தில் என்ன வேலை?

இப்படிக் கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு முதலில் அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும்.

மெக்சிகோ நாட்டை ஒட்டி இருப்பது டெக்சாஸ் மாநிலம். அங்கே ஸ்பானிஷ் மொழி பேசும் மக்கள் ஏராளம். 1901-ல் குதிரைத் திருடனைத் தேடி ஒரு போலீஸ் அதிகாரி வந்தார். கிரகோரியோ கோர்ட்டெஸ் என்ற விவசாயியிடம், "குதிரையைக் கைமாற்றினாயா?" என்று கேட்கச் சொன்னார்.

"இல்லை" என்றார் கோர்ட்டெஸ். அது உண்மைதான். அவர் கைமாற்றியது பெண் குதிரை! ஸ்பானிஷில் ஆண் குதிரைக்கு ஒரு சொல். பெண் குதிரைக்கு வேறு சொல். மொழிபெயர்த்தவருக்கு அது விளங்கவில்லை.

பேச்சு முற்றியது. அதிகாரி சுட்டதில் கோர்ட்டெசின் சகோதரர் விழுந்தார். கோர்ட்டெஸ் திருப்பிச் சுட்டார். அதிகாரி இறந்தார். ஒரு சொல்லால் வந்த வினை!

பெரும் படை துரத்தியது. கோர்ட்டெஸ் பல நாள் பிடிபடாமல் ஓடினார். மக்கள் அதைப் பாட்டாகக் கட்டிப் பாடினார்கள். அமெரிகோ பரேடஸ் என்ற அறிஞர் அந்தப் பாட்டை ஆராய்ந்து, 1958-ல் நூலாக வெளியிட்டார். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து, நாட்டு மக்களின் பாட்டையும் கதையையும் பாடமாக்கினார்.

நம் பக்கமும் இப்படி ஒருவர் இருந்தார். திருவேங்கடம் வட்டாரம் கரிசல் மண். இதே மண்ணில், கோவில்பட்டி அருகே உள்ள இடைசெவலில், 1923-ல் பிறந்தவர் கி.ராஜநாராயணன். பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காத விவசாயி அவர். புதுவைப் பல்கலைக்கழகம் அவரை அழைத்துப் பேராசிரியர் ஆக்கியது. நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டும் வேலையை அவரிடம் ஒப்படைத்தது.

கரிசல் காட்டில் வீட்டில் தெலுங்கும் வெளியே தமிழும் பேசும் குடும்பங்கள் பல. அவருடைய குடும்பமும் அப்படித்தான். தெலுங்குச் சீமையிலிருந்து வந்து, காடு திருத்திக் குடியேறியவர்களின் கதையை அவர் நாவலாக எழுதினார். அதன் தொடர்ச்சியான 'கோபல்லபுரத்து மக்கள்' 1991-ல் சாகித்திய அகாதமி பரிசு பெற்றது. கரிசல் மக்களின் பேச்சுக்கென்றே தனி அகராதியும் தொகுத்தார். 2021-ல் அவர் மறைந்தபோது அரசு மரியாதை கிடைத்தது.

கமலை என்றால் இன்று எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? மோட்டார் பம்பு வந்தது, கமலை போயிற்று. வடம், சால் என்று அதோடு ஒட்டியிருந்த சொற்களும் போகின்றன. மோட்டார் வந்ததில் குறை இல்லை. மாட்டுக்கும் மனிதனுக்கும் அது எவ்வளவோ நிம்மதி. சொற்களை எழுதி வைக்காததுதான் குறை.

திருவேங்கடம் வட்டாரப் பள்ளிகள் ஒரு காரியம் செய்யலாம். கோடை விடுமுறையில் பிள்ளைகளிடம் ஆளுக்கு ஒரு நோட்டைக் கொடுங்கள். தாத்தா, பாட்டி சொல்லும் கதை, தாலாட்டு, விடுகதை எல்லாவற்றையும் எழுதி வரச் சொல்லுங்கள். சொன்னவர் பெயர், ஊர், தேதி கட்டாயம் வேண்டும்.

வீட்டில் தெலுங்கு பேசினால் அதையும் தமிழ் எழுத்திலே எழுதட்டும். பாட்டியின் பேச்சை ஆசிரியர்கள் சிவப்பு மையால் திருத்த வேண்டாம்!