குன்னங்குளத்துப் பிள்ளைகளுக்குப் பாசம் இல்லையா?

பெற்றோரை முதியோர் இல்லத்தில் சேர்ப்பது அவர்களைக் கைவிடுவதே என்னும் எண்ணம், தமிழ்நாட்டில் வாதத்துக்கு இடமில்லாத தீர்ப்பாக நிலைபெற்றுவிட்டது. பட்டிமன்ற மேடைகளும் தொலைக்காட்சித் தொடர்களும் செய்துவந்த வேலையை இப்போது வாட்ஸ்அப் செய்திகள் ஏற்றுக்கொண்டுள்ளன. உலக முதியோர் நாளான அக்டோபர் 1 நெருங்கும்போதெல்லாம், இல்லத்துத் திண்ணையில் அமர்ந்திருக்கும் ஒரு மூதாட்டியின் படமும் அவர் பெற்ற பிள்ளைகளைச் சபிக்கும் நான்கு வரிகளும் கைப்பேசிகளில் வந்து குவிகின்றன. திருநெல்வேலி நகரத்தை அடுத்த பேட்டையிலும் அந்தப் படம் இவ்வாண்டு தவறாமல் சுற்றியது. அதைப் பகிர்ந்தவர்களுள் எத்தனை பேர் ஒரு முதுமறதி நோயாளியின் அருகில் விடியும்வரை விழித்திருந்தவர்கள் என்பதே முதலில் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

முதுமறதி நோய், அதாவது மருத்துவர்கள் டிமென்ஷியா என்று குறிப்பிடுவது, கண்ணாடியை வைத்த இடம் மறந்துபோகும் சாதாரண மறதி அன்று. மூளையின் நரம்பணுக்கள் சிதைவதால் நினைவும் பேச்சும் திசையறிவும், கடைசியில் உணவை விழுங்கும் திறனும்கூடப் படிப்படியாகக் குறைந்துபோகும் நிலை அது. அல்சைமர் நோய் அதன் மிகப் பரவலான வகை; சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு மூளையின் இரத்தக்குழாய்கள் அடைபட்டு வருவது மற்றொரு வகை. 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு ஒன்று, இந்தியாவில் 60 வயதைக் கடந்தோருள் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, இந்நோய் இருப்பதாக மதிப்பிட்டதுடன், ஆண்களைவிடப் பெண்களிடமும் நகரங்களைவிடக் கிராமங்களிலும் அது மிகுதி என்று காட்டியது. "வயசானா மறதி வரத்தான் செய்யும்" என்று பேசுவோரும், இது பட்டணத்து நோய் என்று நினைப்போரும் இந்த எண்களை ஒருமுறையேனும் பார்க்க வேண்டும்.

"வீட்டிலேயே வைத்துப் பார்ப்பது" என்ற சொற்றொடரில் பார்ப்பவர் யார் என்பது மறைக்கப்பட்டிருக்கிறது. பேட்டையிலும் மேலப்பாளையத்திலும் வீட்டிலிருந்தே பீடி சுற்றும் பெண்களுக்குக் கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கில்தான் கிடைக்கிறது. பொழுது சாயும் வேளையில் குழப்பமும் பதற்றமும் ஏறி, "எங்க வீட்டுக்குப் போணும்" என்று தன் வீட்டு வாசலிலேயே நின்று கதறும் மாமியாரைப் பிடித்து உட்கார வைக்கும் மருமகளுக்கு அன்றைய ஆயிரம் நிறைவதில்லை. வளைகுடாவிலிருந்து பணம் அனுப்பும் மகனோ, அம்மாவை எங்கும் சேர்க்கக் கூடாது என்று தொலைபேசியில் ஆணையிட்டுவிட்டுப் பாசமுள்ள பிள்ளை என்ற பெயரைத் தட்டிச்செல்கிறார். கழுவுவதும் துடைப்பதும் இரவெல்லாம் கதவைக் காவல் காப்பதும் ஒருவர், பெயர் வாங்குவது மற்றொருவர் என்றிருக்கும் ஏற்பாட்டைத் தமிழ்ப் பண்பாடு என்று போற்றுவது அந்தப் பெண்களுக்கு இழைக்கப்படும் அநீதி.

மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால், திருச்சூர் மாவட்டத்தில் குன்னங்குளம் என்னும் சிறுநகரம் இருக்கிறது. அல்சைமர் மற்றும் அதனோடு தொடர்புடைய நோய்களுக்கான இந்தியச் சங்கம், ஏ.ஆர்.டி.எஸ்.ஐ என்று அறியப்படுவது, டாக்டர் ஜேக்கப் ராய் குரியாக்கோஸ் முயற்சியால் 1992இல் அங்கேதான் தோன்றியது. பகல் பராமரிப்பு மையம், அதாவது காலையில் நோயாளியை விட்டு மாலையில் அழைத்துச் செல்லும் இடம், குடும்பத்தாருக்கான பயிற்சி, முழுநேர இல்லம் ஆகியவற்றை அந்த இயக்கம் கேரளத்தில் வளர்த்தெடுத்தது. குன்னங்குளத்துப் பிள்ளைகளும் வளைகுடாவுக்குப் போனவர்களே; அங்கும் குடும்பம், உறவு, ஊர்ப்பேச்சு எல்லாம் உண்டு. அவர்களுக்குப் பாசம் இல்லையா? பண்பாடு அழிந்துவிட்டதா? மலையின் ஒரு பக்கத்தில் பராமரிப்பாக இருப்பது மறுபக்கத்தில் பாவமாக மாறுவது எவ்வாறு என்பதற்கு, இல்லங்களைப் பழிப்போரிடம் விடை கிடையாது.

பழிப்போர் மறந்துவிடும் இன்னொன்று, இல்லம் என்பது ஒரே வகை அன்று என்பது. அறக்கட்டளைகள் நடத்தும் முதியோர் இல்லங்கள் பல, தம் வேலையைத் தாமே செய்துகொள்ளும் முதியோரை மட்டுமே ஏற்பதால், முதுமறதி என்ற சொல்லைக் கேட்டதும் கைவிரித்துவிடுகின்றன. மாதக் கட்டணம் பெறும் தனியார் இல்லங்களில் சில, முன்பணம், டயப்பர், செவிலியர் என்று தனித்தனியே கணக்கு எழுதிவிட்டு, அலையும் நோயாளியை மயக்க மாத்திரையால் படுக்கையில் கிடத்திவிடுவதால், படுக்கைப்புண் கண்ட பிறகே குடும்பத்தார் விழித்துக்கொள்கின்றனர். முதுமறதிக்கென்றே அமைந்த நல்ல இல்லமோ, சுற்றி நடக்க மதிலுக்குள் வெளியும், முகம் மாறாத பணியாளரும், நோயாளி இணங்கும் நேரத்தில் குளியலும் உடையது. நெதர்லாந்தின் வேஸ்ப் நகரில் 2009இல் திறக்கப்பட்ட ஹோகவே என்னும் இல்லம், கடையும் தெருவும் கொண்ட ஒரு சிற்றூராகவே அமைக்கப்பட்டது. பார்ப்பவர் சில நாள் இளைப்பாறுவதற்காக நோயாளியைக் குறுகிய காலம் தங்கவைக்கும் ஏற்பாடும் உண்டு. இவற்றுள் எது நல்லது, எது கெட்டது என்று ஊர் பேசியிருந்தால் கெட்டவை நிலைத்திருக்க முடியாது. இல்லத்தில் சேர்த்ததையே வெளியே சொல்ல வெட்கப்படும் குடும்பம், அங்கு நடந்த கொடுமையை எப்படிச் சொல்லும்? கெட்ட இல்லங்களுக்குக் காவலாக நிற்பது, இல்லமே கூடாது என்று முழங்கும் அந்தத் தீர்ப்புதான். குன்னங்குளத்தில் முதலில் உடைந்தது அந்த வெட்கமே.

சட்டமும் மிரட்டத் தெரிந்த அளவுக்கு உதவத் தெரியாததாக இருக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007, முதியவரைக் கைவிடுவோருக்கு மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது. அதே சட்டத்தின் 19ஆம் பிரிவு, வறிய முதியோர் குறைந்தது 150 பேர் தங்கும் இல்லம் மாவட்டத்துக்கு ஒன்றேனும் வேண்டும் என்று கூறினாலும், அரசு 'அமைக்கலாம்' என்ற அளவில் நின்றுவிடுகிறது. 

அரசிடம் அதைக் கேட்க ஓர் இடம் உண்டு: மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை தோறும் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் சாலை, குடிநீர், பட்டா, உதவித்தொகை என்று மனுக்கள் குவிகின்றன. பேட்டையில் பீடி சுற்றும் பெண்கள் மாமியாரைக் காலையில் விட்டு மாலையில் அழைத்துவர ஒரு பகல் மையமும், அரசு அமைக்கும் இல்லத்தில் முதுமறதி நோயாளிகளுக்கெனத் தனிப் பகுதியும் கேட்டு ஒரு மனு எழுதினால், அதில் பெயரும் தெருவும் கதவு எண்ணும் குறித்துக் கையெழுத்திட வேண்டும். மாமியாரைத் தள்ளிவிடப் பார்க்கிறாள் என்று தெரு பேசும் என்ற அச்சத்தில் அந்தக் கையெழுத்து விழாமல் நிற்கிறது. மனு இல்லாததால் தேவையும் இல்லை என்று நிர்வாகம் எழுதிவைத்துக்கொள்கிறது.