பிரேக் அறுவதில்லை

மினிலாரி ஒன்று பாலத்துச் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிறது. கூட்டம் கூடுகிறது. "என்னப்பா ஆச்சு?" என்று பெரியவர் ஒருவர் கேட்கிறார். டிரைவர் தலையில் கை வைத்தபடி, "பிரேக் அத்துக்கிச்சுண்ணே" என்கிறார். பெரியவர் 'ச்சு' கொட்டுகிறார். விசாரணை அதோடு முடிந்தது. மறுநாள் பேப்பரில் அதுவே கொஞ்சம் நாகரிகமாக, "பிரேக் பிடிக்காததால் கட்டுப்பாட்டை இழந்து" என்று வரும். யார் மேலும் தப்பில்லை. வண்டிக்கு நேரம் சரியில்லை, அவ்வளவுதான்.

எனக்கு அந்தச் சொல் மேலேயே கோபம். அத்துக்கிட்டது எது? சைக்கிளில் கம்பி இருக்கிறது, அறும். மோட்டார் காரின் ஆரம்ப காலத்திலும் கம்பியும் கயிறும்தான் பிரேக்கை இழுத்தன. நாலு சக்கரத்துக்கும் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் பிரேக்கை அமெரிக்காவின் டூசன்பெர்க் கார் 1921-லேயே கொண்டுவந்துவிட்டது. பிடிவாதக்காரரான ஃபோர்டுகூட 1939-ல் கம்பியைக் கைவிட்டார். அப்போது எங்கள் புதுக்கோட்டையில் ராஜா ஆட்சி. அந்தச் சமஸ்தானமே 1948-ல் இந்தியாவோடு இணைந்துவிட்டது. நம் வாய் மட்டும் இன்னும் கயிற்றுப் பிரேக் காலத்திலேயே நிற்கிறது.

சொல்தானே என்று விட்டுவிட முடியவில்லை. 'அறுந்தது' என்றால் திடீரென்று நடந்தது என்று பொருள். நேற்று வரை நன்றாக இருந்தது, இன்று அறுந்தது, முன்கூட்டித் தெரிந்துகொள்ள வழியில்லை. இந்த மாவட்டத்தில் பழைய வண்டி வைத்திருக்கும் பத்துப் பேரில் ஒன்பது பேர் நம்புவது இதைத்தான். இது பொய். பிரேக் அறுவதில்லை. பைப்பு அரிக்கிறது. அதற்கு வருஷக்கணக்காகிறது. அத்தனை வருஷமும் அது நம் கண்ணெதிரேதான் கிடக்கிறது.

நான் பேசுவது 407 போன்ற வண்டிகளைப் பற்றி. டாடா 1986-ல் விட்ட வண்டி. ஜெகதாப்பட்டினத்திலும் கோட்டைப்பட்டினத்திலும் மீன் ஏற்ற நிற்கிற பழைய மினிலாரிகளில் அதற்குத் தனி இடம் உண்டு. என்னிடமும் ஒன்று இருக்கிறது. கிரஷர்களில் கல்லும் ஜல்லியும் அடிக்கும் பெரிய டிப்பர்களின் கதை வேறு. அவை காற்றுப் பிரேக். ஸ்பிரிங் பிரேக் வைத்த வண்டியில் காற்று போனால் பிரேக் தானாகவே இறுகிக்கொள்ளும். எண்ணெய்ப் பிரேக் நேர் எதிர். எண்ணெய் போனால் பிரேக்கும் போச்சு.

காலால் மிதிக்கிறோம். மாஸ்டர் சிலிண்டர் எண்ணெயைத் தள்ளுகிறது. எண்ணெய் சுருங்காது, அதனால் மிதித்த அழுத்தம் அப்படியே சக்கரத்துக்குப் போய் வீல் சிலிண்டரை விரிக்கிறது. நடுவே இருப்பது இரும்புப் பைப்பு. பென்சிலைவிட மெல்லிசு: வெளி விட்டம் 4.75 மில்லிமீட்டர், சுவரின் கனம் 0.7 மில்லிமீட்டர். அழுத்தி மிதித்தால் அதற்குள் சதுர அங்குலத்துக்கு ஆயிரம் பவுண்டு வரை ஏறும். லாரி டயரில் அடிக்கும் காற்று சுமார் நூறு பவுண்டு. டயரில் அதற்கே எத்தனை கவனம், எத்தனை தட்டித் தட்டிப் பார்த்தல்! பத்து மடங்கு தாங்குகிற பைப்பைக் குனிந்து பார்க்க ஆளில்லை.

மீன் வண்டியில் அது எப்படி அரிக்கிறது என்று சொல்கிறேன். பெட்டியில் ஐஸ் உருகும். உப்புத் தண்ணீர் பலகை இடுக்கு வழியாகச் சேஸ் மேல் சொட்டும். பைப்பைச் சேஸோடு பிடித்திருக்கும் கிளிப்புக்கு அடியில் செம்மண்ணும் உப்பும் சேர்ந்து ஈரச்சாந்தாக ஒட்டிக்கொள்ளும். துரு முதலில் பிடிப்பது அங்கேதான், கிளிப் மறைக்கிற இடத்தில். பெயின்ட் கொப்புளிக்கும். பொருக்கு எழும்பும். பொருக்குக்கு அடியில் குழி விழும். பிறகு பைப்பு வியர்க்கும். அந்த ஈரத்தில் தூசி ஒட்டிக் கருப்பாக ஒரு திட்டு தெரியும். டப்பாவில் ஆயில் குறையும், நாம் ஊற்றுவோம். மறுபடி குறையும், மறுபடி ஊற்றுவோம். பெடல் கொஞ்சம் கீழே இறங்கும். "ரெண்டு மிதி மிதிச்சா நின்னுரும்ணே" என்பார் டிரைவர். நடுவில் உள்ளேயும் ஒரு வேலை நடக்கிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்குக் குறைந்து கொதிக்கக்கூடாது என்பது விதி. ஈரம் குடித்த பிறகு அதற்கு வைத்திருக்கும் வரம்பே 140 டிகிரிதான். அந்த ஈரம் பைப்பை உள்ளிருந்தும் தின்னும்.

இத்தனையும் வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருக்கிறது. ஒன்றையும் பிரித்துப் படிக்காதவர்தான் கடைசியில் "திடீர்னு" என்கிறார்.

அப்படித் தோன்றுவதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. புதுக்கோட்டை சமவெளி. கொல்லிமலைக்குப் போகிற வண்டி 70 கொண்டை ஊசி வளைவிலும் பிரேக்கைச் சோதித்துக்கொண்டே இறங்குகிறது. அறந்தாங்கிக்கும் மீமிசலுக்கும் இடையே ஓடுகிற வண்டிக்கு அப்படியொரு பரீட்சையே கிடையாது. லேசாகத் தொட்டுத் தொட்டு ஓட்டியே மாதங்கள் போய்விடும். நைந்த பைப்பு அந்த லேசான மிதிக்குத் தாங்கும். ஒருநாள் ஆடு குறுக்கே வரும். உடம்பின் எடை முழுவதையும் காலில் வைத்து மிதிப்போம். அழுத்தம் உச்சத்துக்குப் போகிறபோது பைப்பு வெடிக்கிறது. எப்போது பிரேக் கட்டாயம் வேண்டுமோ அப்போது பார்த்துத்தான் அது போகும். இதில் விதியின் விளையாட்டு ஒன்றுமில்லை, கணக்குதான்.

குளிர்நாட்டுக்காரர்களும் இதே பாடத்தைப் படித்தார்கள். அமெரிக்காவில் பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவுவார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் பழைய பிக்கப் வண்டிகளின் பிரேக் பைப்புகள் அந்த உப்பில் துருப்பிடித்து ஓட்டையாவதாகப் புகார் வந்து, அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு ஐந்து வருஷம் போல விசாரித்தது. 2015 ஏப்ரலில் கோப்பை மூடியபோது, இது தயாரிப்புக் குறை அல்ல, வயதும் உப்பும் செய்த வேலை என்று சொல்லிவிட்டது. கம்பெனியை இவ்வளவு லேசாக விட்டிருக்க வேண்டாம் என்பது என் எண்ணம். ஆனால் கூடவே அவர்கள் சொன்ன யோசனை சரியானது: 2007 அல்லது அதற்கு முந்தைய மாடல் வண்டி வைத்திருப்பவர்கள் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள், பைப்பைப் பரிசோதியுங்கள், ஒரு பைப்பு போனால் முழு செட்டையும் மாற்றுங்கள். ஒன்று போன இடத்தில் மற்றவையும் அதே வயதுதானே.

இங்கே நாம் என்ன செய்கிறோம்? வருஷத்துக்கொரு முறை தகுதிச் சான்றுக்கு, அதாவது எஃப்.சி.க்கு, வண்டியைக் காட்டுகிறோம். எட்டு வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்குச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. வண்டி பார்க்கிற அதிகாரிக்குத் தமிழ்நாட்டு மக்கள் வைத்த பெயரே 'பிரேக் இன்ஸ்பெக்டர்'. பெயரைக் கேட்டதும் பிரேக்கின் பொறுப்பு முழுவதும் அவருடையது என்று நாம் கையைக் கழுவிவிட்டோம். அவர் பார்ப்பது அன்றைக்கு வண்டி நிற்கிறதா என்று. அது நிற்கும். பைப்புச் சுவரில் 0.7 மில்லிமீட்டரில் மிச்சம் எவ்வளவு என்பது அந்தச் சோதனையில் தெரியாது. எஃப்.சி.க்கு முந்தின வாரம் சேஸுக்குக் கருப்புப் பெயின்ட் அடிக்கிறோமே, அதில் துருப்பொருக்கும் சேர்ந்து பளபளக்கும். ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைத்து, சக்கரத்துக்கு நாலு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். நானும் வைப்பேன். பழத்தை வைக்கக் குனிகிறவன் இன்னும் ஒரு முழம் குனிந்து உள்ளே பார்த்தால் என்ன?

ஓட்டை விழுந்த பிறகு நடக்கிற வைத்தியம் இன்னும் மோசம். ஓட்டையில் பித்தளை உருக்கி ஊற்றி 'கேஸ் வெல்டிங்' வைப்பார்கள். அந்தச் சூட்டில் சுற்றிலும் உள்ள பூச்சு எரிந்து, அடுத்த ஓட்டைக்கு அங்கேயே பிள்ளையார் சுழி விழும். அவசரமென்றால் பைப்பை மடக்கி நசுக்கி அந்தச் சக்கரத்தையே துண்டித்துவிடுவார்கள். "மூணு வீல் பிடிக்குதுல்ல, போதும்." மூணு சக்கரம் பிடிக்கிற வண்டி அழுத்தி மிதித்ததும் ஒரு பக்கமாக இழுக்கும், ஈரச்சாலையில் சுற்றும். மூன்றாவது, எல்லாரும் மெச்சுகிற செம்புப் பைப்பு. "செம்புக்குத் துருவே பிடிக்காது" என்று ஃபிரிட்ஜுக்குப் போடுகிற குழாயை வாங்கி மாட்டுவார்கள். துருப்பிடிக்காது, உண்மைதான். ஆனால் சுத்தச் செம்பு மிருது. லாரியின் அதிர்வில் ஆடி ஆடி இறுகி, நட்டின் கழுத்தில் முடிபோல விரிசல் விடும். பத்து சதவீதம் நிக்கல் கலந்த செம்புப் பைப்பு வேறு சாதி. வால்வோ 1970-களிலேயே அதைப் போட ஆரம்பித்துவிட்டது. கையாலேயே வளையும், உப்பையும் தாங்கும். பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே நிறம். ஏமாறுவது அங்கேதான்.

ஆகவே என் வண்டிக்குப் பைப்பை நானே வளைக்கிறேன். பட்டறைக்காரர்களோடு எனக்குச் சண்டையில்லை. எனக்குக் கற்றுக்கொடுத்தவரே ஒரு பட்டறைக்காரர்தான். முதல் தடவை அவர் பக்கத்தில் நின்று பார்த்தார். அப்படி ஒருவர் இல்லாமல் யாரும் இறங்க வேண்டாம்.

பழைய பைப்பை உடைக்காமல் கழற்ற முடிந்தால் அதுவே அச்சு. உடைந்தால் கட்டுக்கம்பியைச் சேஸ் ஓரமாக அதே வழியில் ஓட்டி வளைத்து எடுத்துக்கொள்ள வேண்டும். பைப்பு வெட்ட ஆக்ஸா பிளேடு ஆகாது. அதன் தூள் உள்ளே போய் வீல் சிலிண்டர் ரப்பரைக் கிழிக்கும். வெட்ட உருளைக் கட்டர், பிசிறு எடுக்க ரீமர், பிறகு உள்ளே காற்றடிப்பு. அடுத்தது நட்டை நுழைப்பது. இதைச் சொல்லச் சிரிப்பாக இருக்கும். பைப்பின் வாயை விரித்துப் பிளேரிங் அடித்து முடித்து, அழகு பார்த்து, நட்டு வெளியே மேசையில் கிடப்பதைப் பார்க்காத மெக்கானிக் இந்தப் பூமியில் பிறக்கவில்லை.

உயிர் இருப்பது பிளேரிங்கில். பைப்பின் வாயை ஒரு தடவை விரித்தால் போதாது, விரித்த உதட்டை உள்பக்கம் மடித்து இரட்டையாக அடிக்க வேண்டும். ஒற்றை உதடு நட்டு இறுகும்போதே பிளக்கும். சில வண்டிகளில் குமிழ் மாதிரி வேறு வடிவம் வரும். அதற்கு இதையும் இதற்கு அதையும் போட்டால் எத்தனை இறுக்கினாலும் கசியும். நம்பர் கேட்டு வாங்காமல் பழைய நட்டையும் பைப்பு முனையையும் கடைக்கே எடுத்துப் போவது நல்லது. வாய் அடித்த பிறகுதான் வளைக்க வேண்டும். முனைக்கருகே நட்டு நகர நேரான இடம் விட்டு, பெண்டரில் நிதானமாக. பெண்டர் இல்லையென்றால் வட்டமான எதையாவது அணைத்து வளைக்கலாம், முழங்காலில் வைத்து முறிக்கக்கூடாது. நசுங்கிய வளைவைத் திருப்பி நிமிர்த்தி ஒப்பேற்றவும் கூடாது, தூக்கிப் போட வேண்டும். என் முதல் பைப்பு மூன்று முறை குப்பைக்குப் போயிற்று. சைலன்சரை விட்டு விலகியும், ஸ்பிரிங் பட்டையில் உரசாமலும், பழைய கிளிப் இருந்த ஒவ்வொரு இடத்திலும் கிளிப்போடும் ஓட வேண்டும். நட்டைக் கையால் நாலு சுற்று ஏற்றிய பிறகே ஸ்பானர்.

பிறகு ஏர் எடுப்பது. தூரத்துச் சக்கரத்தில் தொடங்கி, நிப்பிளில் உள்ளே தெரிகிற குழாய் மாட்டி, குமிழி நிற்கும்வரை. வந்த ஆயிலை வடிகட்டித் திரும்ப ஊற்றுகிற கஞ்சத்தனம் வேண்டாம். எல்லாம் முடிந்ததும் ஒருவர் பெடலை முழுபலத்தோடு இரண்டு நிமிஷம் மிதித்துக்கொண்டிருக்க, இன்னொருவர் ஒவ்வொரு இணைப்பையும் காகிதத்தால் ஒற்றிப் பார்க்க வேண்டும். காகிதம் நனைந்தால் வேலை முடியவில்லை. நனையாவிட்டால் வெறும் வண்டியைக் கண்மாய்க்கரைப் பொட்டலில் ஓட்டி, நிறுத்தி, ஓட்டி, நிறுத்தி.

"உயிர் விஷயம், இதில் கைவைக்கலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அதைக் கேட்கிறவர் தன் வண்டிக்கு அடியில் கடைசியாக எப்போது படுத்தார் என்று நானும் கேட்பேன். ஒரு தடவை வளைத்தவனுக்கு அந்தப் பைப்பு எங்கே திரும்புகிறது, எந்தக் கிளிப்பில் மண் தங்குகிறது என்பது மனப்பாடம். அவன் லோடு இறக்கியதும் அடியில் நல்ல தண்ணீர் பீய்ச்சுவான். வளைக்கவே வேண்டாம் என்கிறீர்களா, சரி. பட்டறைக்காரர் வளைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து டார்ச்சாவது பிடியுங்கள்.

போன மாசம் துறைமுகத்தில் பக்கத்து வண்டியின் பின்சக்கரத்துக்கு மேலே அந்தக் கருப்புத் திட்டைப் பார்த்தேன். விரல் வைத்தேன், ஈரம். பைப்பை நகத்தால் சுரண்டினால் பொருக்கு கையோடு வந்தது. டிரைவர் தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தார், கவலையாகத்தான் பார்த்தார். நிமிர்ந்து கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எஃப்.சி.க்கு இன்னும் நாலு மாசம் இருக்கேண்ணே."