காத்திருக்கத் தெரியாத தளபதி



கோடை விடுமுறையை ஒட்டி இந்த இதழை விளையாட்டுச் சிறப்பிதழாகக் கொண்டுவந்திருக்கிறோம். பல்லாங்குழி, தாயம் தொடங்கி மொபைல் கேம் வரை எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. கட்டுரைகளுக்காகப் பேசிய இளைஞர்களில் சரித்திரப் போர் விளையாட்டு ஆடுகிறவர்கள் பலரும் ஒரே குறையைச் சொன்னார்கள். "கோட்டையைக் காக்கச் சொன்னா கம்ப்யூட்டர் நல்லா ஆடுது சார். தாக்க வரச் சொன்னாதான் சொதப்புது!"

ஏன் இப்படி? நல்ல தாக்குதல் எப்படி நடக்கும் என்று முதலில் தெரிந்தால்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். இது மே மாதம், ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்ததும் ஒரு மே மாதத்தில்தான் என்பதால் அதையே எடுத்துக்கொள்வோம்.

1799 பிப்ரவரியில் வேலூரிலிருந்து கிளம்பிய ஜெனரல் ஹாரிஸின் ஆங்கிலேயப் படை, ஏப்ரல் தொடக்கத்தில் ஸ்ரீரங்கப்பட்டணத்தை எட்டியது. காவிரி இரண்டாகப் பிரிந்து சூழ்ந்த தீவு. அதன் மேற்கு முனையில் திப்பு சுல்தானின் கோட்டை. ஏப்ரல் 5 இரவு, வெளியே இருந்த சுல்தான்பேட்டைத் தோப்பின் மீது ஆர்தர் வெல்லெஸ்லி பாய்ந்தார். இருட்டும் வாய்க்காலும் சேர்ந்து படையைச் சிதறடித்தன. மறுநாள் பகல் வெளிச்சத்தில், கூடுதல் ஆட்களோடு போனபோது அதே தோப்பு எளிதில் கைக்கு வந்தது. பின்னாளில் நெப்போலியனை வென்ற மனிதருக்கே முதல் நாள் இந்தப் பாடம்.

அடுத்த நான்கு வாரங்களும் பதுங்குகுழி வெட்டுவதிலும் பீரங்கிகளை நகர்த்துவதிலும் போயின. ஒருபக்கம் முகாமில் அரிசி குறைந்துகொண்டே வந்தது. இன்னொரு பக்கம் பருவமழை தொடங்கினால் காவிரி பெருகிவிடும். இருந்தும் அவசரப்படவில்லை. வடமேற்கு மூலையை ஒட்டிய மதிலில் ஒரே இடத்தைக் குறிவைத்து அடித்தார்கள். மே 3-ஆம் தேதி ஆள் ஏறும் அளவுக்கு உடைப்பு விழுந்தது. மறுநாள் விடியும் முன்பே நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பதுங்குகுழிகளில் இறக்கி, காலை முழுக்க அசையாமல் இருக்க வைத்தார்கள். உச்சி வெயிலில், காவல்காரர்கள் சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் கலையும் நேரத்தில், ஒரு மணி சுமாருக்கு டேவிட் பேர்ட் வாளை உருவினார். வற்றிக் கிடந்த ஆற்றைக் கடந்து சில நிமிடங்களில் உடைப்பின் மேல் கொடி ஏறியது. ஏறியவர்கள் உடனே இரண்டாகப் பிரிந்து மதில் மேலேயே இடமும் வலமுமாக ஓடினார்கள். அன்று மாலைக்குள் திப்பு போரிட்டு மடிந்தார், கோட்டை வீழ்ந்தது. இந்த பேர்ட், 1780-இல் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் தோற்றுப் பிடிபட்டு, இதே ஊரில் மூன்றரை ஆண்டுக்கு மேல் சிறைப்பட்டுக் கிடந்தவர்.

இப்போது இந்தப் படையைக் கணினியிடம் கொடுங்கள். பழைய விளையாட்டுகள் பலவற்றில் கணினி ஒவ்வொரு படைப்பிரிவையும் தனித்தனியாகவே பார்க்கும். பக்கத்தில் எதிரி இருக்கிறானா, நம் பலம் கூடுதலா, அடி! அவ்வளவுதான் கணக்கு. பீரங்கி வந்து சேரும் முன்னே குதிரை போய்விடும். குதிரை செத்த பிறகு காலாட்படை வரும். ஆடு புலி ஆட்டத்தில் ஒவ்வொரு ஆடாகப் புலியின் முன்னே நகர்த்துகிறவரின் கதிதான். காப்பதற்கு இந்தச் சிக்கல் இல்லை. முக்கியமான இடங்களை விளையாட்டை வடிவமைத்தவரே குறித்து வைத்திருப்பார். அங்கே உட்கார்ந்து, வருகிறவனைச் சுட்டால் போதும். 1981-இல் கிறிஸ் கிராஃபோர்ட் உருவாக்கிய 'ஈஸ்டர்ன் ஃபிரன்ட்' விளையாட்டிலேயே படையெடுக்கும் ஜெர்மானியர் பக்கம் மனிதருக்கு. தடுத்து நிற்கும் ரஷ்யப் பக்கம் கணினிக்கு. 2009-இல் வந்த 'எம்பயர்: டோட்டல் வார்' வரைபடத்தில் நம் மைசூரும் மராட்டியமும் உண்டு. ஆனால் வெளியான புதிதில் கணினி ஆளும் நாடுகளுக்குக் கடல் தாண்டிப் படையிறக்கவே வரவில்லை, பிறகுதான் சரிசெய்தார்கள்.

"சதுரங்கத்தில் 1997-லேயே உலகச் சாம்பியன் காஸ்பரோவைக் கணினி தோற்கடித்ததே?" என்று கேட்கலாம். சதுரங்கத்தில் ஒரு முறைக்கு ஒரு காய்தான் நகரும். பலகையில் எதுவும் மறைவில்லை. போர் விளையாட்டில் எல்லாக் காயும் ஒரே முறையில் நகரலாம். முப்பது படைப்பிரிவு, ஒவ்வொன்றுக்கும் பத்து வழி என்று வைத்தால், ஒரே முறைக்கு ஒன்றின் பின்னே முப்பது சைபர் போட்ட அத்தனை வாய்ப்புகள். எதிரி எங்கே என்பதும் பாதி தெரியாது. 2019-இல் 'ஸ்டார்கிராஃப்ட் 2' ஆடிய ஆல்ஃபாஸ்டார் என்ற கணினி நிரல் தாக்குதலையும் கற்றுக்கொண்டது உண்மைதான். அதற்கு அதன் ஒவ்வொரு பிரதியும் 200 ஆண்டு வரையிலான ஆட்டத்துக்குச் சமமான பயிற்சி எடுத்தது! சிறிய நிறுவனங்களுக்கு அது கட்டுப்படியாகுமா? அதனால் 'ஹார்ட்' லெவல் என்ற பெயரில் கணினிக்கு இரண்டு மடங்கு பணமோ படையோ கொடுத்துச் சமாளிக்கிறார்கள்.

வள்ளுவர் வலியறிதல், காலம் அறிதல், இடன் அறிதல் என்று மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்திருக்கிறார். வலிமையை எண்ணுவதும் இடத்தை அளப்பதும் கணினிக்குக் கைவந்த கலை. நடுவில் இருக்கும் காலம்தான் அதற்குப் பிடிபடவில்லை. எப்போது பாய்வது என்பது மட்டுமல்ல, எப்போது திரும்புவது என்பதும் அதில் அடக்கம். 1791 மே மாதம் ஆங்கிலேய கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அருகே அரிகெரேயில் திப்புவை வென்றார். ஆனால் உணவில்லை, மழை பிடித்துவிட்டது, வண்டி மாடுகள் செத்து விழுந்தன. தன் கனரக பீரங்கிகளைத் தானே அழித்துவிட்டுப் பெங்களூருக்குத் திரும்பினார். அடுத்த பிப்ரவரியில் மராட்டிய, நிஜாம் படைகளோடு வந்து இரவுத் தாக்குதல் நடத்தினார். மார்ச் மாத உடன்படிக்கையில் திப்பு பாதி நாட்டை இழந்தார். வென்ற இடத்திலிருந்து பின்வாங்கும் அந்தத் துணிச்சலை எந்தக் கணினி எதிராளியிடமும் நான் இதுவரை பார்த்ததில்லை. பொறுத்தார் பூமி ஆள்வார் என்பது அதன் கணக்கில் இன்னும் ஏறவில்லை.

ஆகவே விடுமுறையில் ஒரு வேண்டுகோள். லெவலைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். எதிரே அண்ணனையோ தங்கையையோ உட்காரவைத்து ஆடுங்கள். ஒரு ஆட்டம் தாக்குங்கள், மறு ஆட்டம் காத்து நில்லுங்கள். மைசூர் போகிறவர்கள் அரண்மனையோடு திரும்பிவிடாமல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இறங்கி, தரியா தௌலத் மாளிகைச் சுவரில் பொள்ளிலூர்ப் போர் ஓவியத்தைப் பாருங்கள். நம் ஊர் மண்ணில் திப்பு பக்கம் வென்ற கதை அது. பிறகு மதில் உடைந்த மேற்குக் கரைக்கும் போய் ஆற்றின் அகலத்தை ஒருமுறை கண்ணால் அளந்து பாருங்கள். நீங்கள் தளபதியாக இருந்தால் எந்த மணிக்கு இறங்கியிருப்பீர்கள்? காரணத்தோடு எழுதி அனுப்புங்கள். நல்ல பதில்களை அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்